ஊசி சாயும் திசை

திருமுக்கூடல் ஆலயத்துச் சுவரில் வீரராஜேந்திர சோழர் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டு, அங்கே நோயாளிகளுக்கு ஆதுலசாலையும் மாணவர்களுக்கு வேதக் கல்லூரியும் நடைபெற்ற செய்தியை 900 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வருகிறது. காலத்தைக் கடந்து செய்தி சொல்லும் வித்தையைக் கல்லிலே கண்ட நம் தேசம், கணப்பொழுதில் தூரத்தைக் கடந்து செய்தி சொல்லும் வித்தையைக் கண்டது ஒரு சிறு காந்த ஊசியிலேதான்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயன ஆசிரியராக விளங்கிய ஓஷானசி என்னும் வைத்தியர், 1839-இல் தந்திச் சோதனைகளைத் தொடங்கி, 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி நடைபெறச் செய்தபோது, செய்தியை வாசிக்க அவர் கையாண்டது கம்பிச்சுருளின் நடுவே ஆடும் ஒற்றை ஊசியையுடைய எளிய கருவியே. காஞ்சிபுரத்துத் தறியில் இடமும் வலமுமாக ஓடும் நாடா பட்டுச்சேலை முழுவதையும் நெய்துவிடுவதுபோல, இடச்சாய்வு, வலச்சாய்வு என்னும் இரண்டே அசைவுகளை வெவ்வேறு வரிசையில் கோத்து எழுத்துகள் அனைத்தையும் உணர்த்திவிட்டார்கள்.

ஊசி அவ்வாறு பக்கம் மாறிச் சாய்வதற்குக் காரணம் என்ன? மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தசக்தி வளையம் வளையமாகச் சூழ்ந்து நிற்கிறது. கம்பியருகே திசைகாட்டியின் ஊசி திரும்புவதை 1820-இல் டென்மார்க்கு தேசத்து எர்ஸ்டெட் கண்டதிலிருந்து இவ்வுண்மை விளங்கலாயிற்று. தெற்கு வடக்காக நீட்டிய கம்பியின் கீழே திசைகாட்டியை வைத்து, மின்சாரத்தைத் தெற்கிலிருந்து வடக்கே செலுத்தினால், ஊசியின் வடமுனை மேற்கே விலகும். மின்கலத்தின் முனைகளை மாற்றி இணைத்தால், காந்த வளையங்களின் திசையும் மாறிவிடுவதால், அது கிழக்கே விலகும். கம்பியைச் சுருளாக்கினால் ஒவ்வொரு சுற்றும் ஊசியைத் தள்ளுவதால், அற்ப மின்சாரமும் புலப்பட்டுவிடும். ஆகவே விலகலின் அளவு மின்சாரத்தின் வலிமையையும், விலகும் பக்கம் அதன் திசையையும் அறிவிக்கின்றன.

இன்றைய பள்ளிச் சோதனைச்சாலைகளில் மின்சாரத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் என்னும் கருவியில் காந்தம் அசையாது நிற்க, சுருளே முள்ளோடு திரும்புகிறது, தத்துவம் ஒன்றே. அளவுகோலின் நடுவே பூஜ்யத்தை அமைத்திருப்பதும் இரு திசைகளுக்கும் சமமாக இடம் தருவதற்கே. ஆனால் திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரத்துக்கு இக்கருவி பயன்படாது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகளாக முன்னும் பின்னும் பாய்வது. அத்தகைய வேகத்தை முள் பின்தொடர இயலாமையால், சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பூஜ்யத்தில் நின்றுவிடும். முள் அசையவில்லை என்பதனாலேயே மின்சாரம் இல்லையென்று துணிவது பிழை; வீட்டு மின்சாரத்தை இக்கருவியில் இணைப்பதோ பேராபத்து. டார்ச் விளக்கின் மின்கலம் ஒன்றும், திசைகாட்டி ஒன்றும், சிறிது கம்பியும் இருந்தால், கம்பியை ஒரு கணம் மட்டும் தொடுத்து எடுத்து, எர்ஸ்டெட் கண்டதை நம் குழந்தைகளும் தம் கண்ணாலேயே கண்டு தெளியலாம்.