காந்த நாடாவில் படம்

ஒலியை நாடாவில் பிடிப்பது எளிது. படத்தைப் பிடிப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. ஒலிக்கு நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வு போதும். டெலிவிஷன் படத்துக்கோ 40, 50 லட்சம் வேண்டும். அத்தனையையும் எழுத நாடா பறக்க வேண்டும். பி.பி.சி. 1958-இல் காட்டிய 'வேரா' மெஷினில் நாடா நொடிக்கு 200 அங்குலம் ஓடிற்று. கணக்குப் போடுங்கள்: கால் மணி நேரத்துக்கு நாலரை கிலோமீட்டர்! யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி 1956-லேயே வேறு வழி கண்டிருந்தது. நாடாவை விரட்டுவானேன், ஹெட்டைச் சுழற்றினால் என்ன? 2 அங்குல நாடாவின் குறுக்கே நான்கு ஹெட்டுகள் நிமிஷத்துக்கு 14,400 சுற்று சுற்றின. நாடா நொடிக்கு 15 அங்குலம் நகர்ந்தால் போதும். மெஷின் விலை சுமார் 50,000 டாலர். நாடாவும் விலை அதிகம் என்பதால் அழித்து அழித்தே பயன்படுத்தினார்கள். அக்கால நிகழ்ச்சிகள் பல அப்படியே போயின.

பிறகு வந்ததுதான் சாய்கோட்டு முறை. உருளையைச் சுற்றி நாடா சாய்வாகப் போகும். துணியில் சாய்கோடு போட்டாற்போல் படம் பதியும். ஹெட் இரண்டு போதும், மெஷினும் சிறுத்தது. 1971-இல் யூமாட்டிக், 1975-இல் பீட்டாமேக்ஸ், 1976-இல் வி.எச்.எஸ். தொடக்கத்தில் பீட்டாவில் 1 மணி நேரம், வி.எச்.எஸ்.ஸில் 2 மணி நேரம். ஜனங்கள் எதை வாங்குவார்கள்? சொல்லவும் வேண்டுமா! தொழில்காரர்களுக்கு 1982-இல் பீட்டாகேம் வந்தது. அதே அரை அங்குல நாடாதான். ஓட்டம் பல மடங்கு. வீட்டுக்கும் ஸ்டூடியோவுக்கும் இருந்த வித்தியாசங்களில் இந்த நாடாச் செலவும் ஒன்று.

சமணனாகிய எனக்கு ஒரு சிறு நிம்மதியும் உண்டு. சினிமா பிலிமில் பூசும் ஜெலட்டின், பிராணிகளின் எலும்பிலும் தோலிலும் எடுப்பது. வீடியோ நாடா, பாலியஸ்டர்மேல் இரும்புத் துருப்பொடி.

ஆனால் அந்தத் துருவை ஒட்டவைக்கும் பசை ஈரத்தில் இளகும். பம்பாய் மழைக்காற்று போதும், பூஞ்சையும் பிடிக்கும். 1982 ஆசிய விளையாட்டையொட்டிக் கலர் டி.வி. வந்தபின் நம்மவர்கள் எடுத்த கல்யாணக் கேசட்டுகள் பலவும் இன்று பீரோவில் இந்தக் கதியில்தான். மெஷினும் கிடைப்பது அரிது. கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

எங்களில் சாஸ்திர தானம் என்று ஓலையைப் பிரதி எடுத்துக் கொடுப்பது உண்டு. ஓலை செல்லரிக்குமுன் புது ஓலை. கேசட்டுக்கும் அதுவே வழி. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுத்தால் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிவிட்டால், பிறகு எத்தனை பிரதி எடுத்தாலும் மங்காது. இரண்டு பிரதியை இரண்டு வீட்டில் வையுங்கள். அதுவரை கேசட்டைப் படுக்கப் போடாமல், புத்தகம்போல் நிறுத்தி, உலர்ந்த இடத்தில் வைக்கவும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டாம். ஹெட் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் ஒட்டும்.