உயிர்க்கயிறும் உயிர்க்கம்பியும்

ஒருபுறம்: முத்துக்குளிப்பவரின் இடுப்புக் கயிறு. தோணியில் அதன் மறுமுனையை, உயிரை நம்பி ஒப்படைக்கக்கூடிய மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்று தூத்துக்குடிக் கரையில் சொல்லிவந்தார்கள். அங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

மறுபுறம்: இதய மின்னதிர்ச்சிக் கருவியின் கம்பி. தோளருகே தோலுக்கடியில் உள்ள கருவியிலிருந்து இரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் இறங்கும். துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்து உயிரை மீட்கும்.

மெட்ரானிக்கின் ‘ஸ்பிரிண்ட் ஃபிடெலிஸ்’ கம்பிகளில் சில உள்ளே முறிந்ததால் 2007 அக்டோபரில் அவற்றின் விற்பனை நின்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் 2,68,000 பொருத்தப்பட்டிருந்தன. செயின்ட் ஜூட் மெடிக்கலின் ‘ரியாட்டா’ கம்பியில் சிலிக்கோன் உறை உள்ளிருந்தே தேய்ந்து, உலோக இழை வெளியே துருத்தியது.

கடையில் இருப்பதைத் திரும்பப் பெறலாம். இதயத்தில் தழும்போடு ஒட்டிப்போனதை உருவுவது ஆபத்து. இரத்தக்குழாய் கிழியலாம். எனவே பலருக்கு அதை அப்படியே விட்டு, மின்தடையை அளந்தும் எக்ஸ்-ரே எடுத்தும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கிறார்கள். முறிந்த கம்பி தேவையின்றி அதிர்ச்சி கொடுக்கலாம். தேவைப்படும்போது கைவிடவும் கூடும்.

இந்தியாவில் இதுபோன்ற மருத்துவக் கருவிகளின் பழுதுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கியது.

கருவி பொருத்திக்கொண்டவர்களே, மாடல் எண் உள்ள அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள்.