வட்டிக் கணக்கும் வளரும் பிள்ளையும்

சென்ற வாரம் மனையியல் என்ற படிப்பு எப்படி உருவானது என்று பார்த்தோம். அந்தப் படிப்பின் இரண்டு பாடங்களை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்: குழந்தை வளர்ச்சி, குடும்ப நிதி. இந்த இரண்டையும் ஒரே மாணவர் ஒரே கூரையின் கீழ் படிக்க வேண்டும், பிரித்தால் இரண்டுமே ஊனமாகிவிடும் என்பது என் கட்சி. அதற்கு முதல் சாட்சி அமெரிக்காவின் அயோவா மாநிலம். 1970-களில் அங்கே நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. விவசாயிகளும் நிலத்தையும் இயந்திரங்களையும் வாங்கிக் குவித்தார்கள். 1980-களில் வட்டி எகிறியது, விளைபொருள் விலை விழுந்தது, நிலத்தின் மதிப்பு சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் நிலத்தை ஏலத்தில் இழந்தன. அந்த நெருக்கடியின் காயம் ஆறுவதற்குள், 1989-ல், ராண்ட் கான்ஜர் தலைமையிலான குழு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 451 கிராமப்புறக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று உண்டு. வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, எந்தச் செலவை வெட்டினார்கள் என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து குடும்பத்தார் பேசிக்கொள்வதையும் வீடியோவில் பதிவு செய்து, யார் யாரை எப்படிப் பேசினார்கள் என்பதை வரிவரியாக ஆராய்ந்தார்கள்.

கிடைத்த விடை எளிமையானது, ஆனால் கனமானது. வருமானம் குறைந்தது என்பதாலேயே பிள்ளை நேராகப் பாதிக்கப்படுவதில்லை. கட்ட வேண்டியதைக் கட்ட முடியாத நிலை பெற்றோரின் மனத்தைச் சோர்வடையச் செய்கிறது. அந்தச் சோர்வு கணவன் மனைவிக்கிடையே சண்டையாகிறது. சண்டை பிள்ளையிடம் கடுமையாகவோ பாராமுகமாகவோ திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் பிள்ளையின் படிப்பிலும் நடத்தையிலும் அது தெரிகிறது. இந்தச் சங்கிலியின் ஒரு முனை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, மறு முனை வகுப்பறையில் இருக்கிறது. பொருளியல் மட்டும் படித்தவர் முதல் கண்ணியைப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவார். உளவியல் மட்டும் படித்தவர் கடைசிக் கண்ணியைப் பார்த்து, தாயையோ தகப்பனையோ குறை சொல்லி முடிப்பார். சங்கிலி முழுவதையும் கையில் எடுத்துப் பார்க்கும் பழக்கம் மனையியல் துறைகளில்தான் வளர்ந்தது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் அந்தத் துறைக்குப் பழைய கோட்டை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் கோட்டையில் 1930-லிருந்து பேராசிரியராக இருந்தவர் மார்கரெட் ரீட். கனடாவில் பிறந்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹேசல் கிர்க் என்ற முன்னோடியிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்றவர். வீட்டுக்குள் நடக்கும் உற்பத்தியைப் பற்றி அவர் எழுதிய நூல் 1934-ல் வெளிவந்தது. சமைப்பது, துவைப்பது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது ஆகியவை உழைப்பா, உறவா என்ற குழப்பத்துக்கு அவர் ஓர் அளவுகோல் கொடுத்தார்: இந்த வேலையைக் கூலி கொடுத்து இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியுமென்றால், அது உற்பத்தி. சினிமா பார்ப்பதை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. குழந்தையைக் குளிப்பாட்டுவதை ஒப்படைக்கலாம். இன்று உலகெங்கும் அரசுகள் நடத்தும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளின் அடியில் இந்த அளவுகோல்தான் இருக்கிறது. இந்தியாவில் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். குடும்பத்தைப் பொருளியல் கருவிகளால் ஆராய்ந்த கேரி பெக்கருக்கு 1992-ல் நோபல் பரிசு வந்தது. அவருக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே அந்த வழியில் நடந்த ரீடின் பெயரைப் பொருளியல் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மனையியல் துறையில் இருந்ததே அவர் பெயர் மங்கியதற்கு ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த அநியாயம் எனக்கு உறுத்துகிறது.

‘கடன் இருந்தால் வீட்டில் சண்டை வரும் என்பது பாட்டிக்கே தெரியுமே, இதற்கு ஒரு பட்டப்படிப்பா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டிக்குத் தெரிந்தவற்றில் ஒன்றுக்கொன்று எதிரானவையும் இருக்கின்றன. பணம் வந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றும் சொல்வார்கள், பணமில்லாமல் பிள்ளை கெட்டுப்போனான் என்றும் சொல்வார்கள். எது எப்போது உண்மை? வட கரோலினாவின் ஸ்மோக்கி மலைப் பகுதியில் 1993 முதல் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ஆண்டுதோறும் கவனித்து வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் செரோக்கி பழங்குடியினர். நடுவில் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டு, அதன் லாபத்தில் ஒரு பங்கு பழங்குடிக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனை அமைந்துவிட்டது. வறுமையைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம், கீழ்ப்படியாமை போன்ற நடத்தைக் கோளாறுகள் குறைந்து, எப்போதுமே ஏழ்மையில் இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. பதற்றமும் மனச்சோர்வும் மட்டும் அப்படிக் குறையவில்லை. பெற்றோருக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்ததே மாற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தது. எது குறையும், எது குறையாது, எதன் வழியாகக் குறையும் என்ற மூன்றையும் பிரித்துச் சொல்வது பாட்டியால் ஆகாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இது பெண்களை அடுப்படிக்கே திருப்பி அனுப்பும் படிப்பு என்பது அது. வரலாற்றில் அதற்கு ஆதாரம் இருப்பதை மறைக்க முடியாது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1920-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள், ஆதரவற்ற கைக்குழந்தைகளை வாங்கிவந்து, பயிற்சி வீடுகளில் வைத்து, மாணவிகள் முறைபோட்டு வளர்த்துப் பழகினார்கள். குழந்தைக்கு நல்ல உணவும் சுத்தமும் கிடைத்தன என்பது உண்மை. பின்னால் தத்தெடுக்கவும் குடும்பங்கள் முன்வந்தன. ஆனாலும் சில வாரங்களுக்கொரு தாய் மாறிக்கொண்டிருந்த குழந்தையின் மனத்தில் என்ன ஆயிருக்கும் என்ற கேள்வி இன்றைய எந்த வாசகரையும் வருத்தும். அது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தவறு என்று நமக்குப் புரிய வைத்ததே, குழந்தைக்கு நிலையான ஒரு பற்று வேண்டும் என்று கண்டறிந்த குழந்தை வளர்ச்சி ஆய்வுதான். பெண்களை அடைக்கும் படிப்பு என்ற குறை தீர வேண்டுமானால் ஆண்களையும் அந்த வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். வகுப்பையே மூடுவது விடையாகாது. மூன்றாண்டு படிக்கும் எந்த இளைஞனும் ஒருநாள் தகப்பனாகலாம், கடனும் வாங்கலாம்.

கடைசியாக, என் வாதத்தையே அசைக்கக்கூடிய ஒரு சான்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் நான்கு நகரப் பகுதிகளில், 2018-லிருந்து, வறுமையில் இருந்த ஆயிரம் தாய்மாரைக் குழந்தை பிறந்தவுடனேயே சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மாதம் 333 டாலரும் மறு பிரிவுக்கு 20 டாலரும் கொடுத்துவந்தார்கள். முதல் ஆண்டின் முடிவில் குழந்தைகளின் மூளை அலைகளில் வேறுபாடு தெரிவதாகச் சொல்லப்பட்டபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மொழித் திறன் முதலிய முக்கிய அளவைகளில் இரு பிரிவுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அப்படியானால் பணத்துக்கும் பிள்ளை வளர்ச்சிக்கும் தொடர்பில்லையா? அந்த அவசர முடிவுக்கு நான் போகமாட்டேன். அந்த ஆண்டுகளில் பெருந்தொற்று குறுக்கிட்டது. அரசின் வேறு உதவிகள் இரு பிரிவுக்கும் போய்ச் சேர்ந்தன. அதைவிட முக்கியமாக, செரோக்கிக் குடும்பங்களில் பணம் பெற்றோரின் நேரத்தை விடுவித்தது. ஒரு பெருநகரத்தில் வாடகையே விழுங்கிவிடும் 333 டாலர் அதைச் செய்யுமா? எவ்வளவு பணம், எந்த வயதில், எந்தக் கடனுக்கு நடுவில் என்று கேட்கத் தெரிந்தவர்கள்தான் இந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க முடியும். பணமே போதும் என்பவர்களையும் பணத்தால் பயனில்லை என்பவர்களையும் ஒருசேர மறுக்கும் சான்று இது.

நம் நாட்டுக்கு இந்தப் படிப்பு நேற்று வந்ததல்ல. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932-ல் தொடங்கியது. பரோடாவில் ஹன்சா மேத்தா துணைவேந்தராக இருந்தபோது 1950-ல் மனையியல் புலம் அமைந்தது. அதற்குத் துணைநின்றவர்களில் ஒருவர், கார்னெலில் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பினப் பேராசிரியை ஃப்ளெமி கிட்ரெல். கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957-ல் பிறந்து, 1988-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இளநிலையில் எல்லாப் பாடங்களும் சேர்ந்தே இருக்கின்றன. முதுநிலைக்குப் போனால் மனித வளர்ச்சி ஒரு துறை, வள மேலாண்மை வேறொரு துறை என்று பிரிந்துவிடுகிறது. ஆழத்துக்குப் பிரிவு தேவைதான். ஆனால் மனித வளர்ச்சி படிக்கும் மாணவி வாராந்திரத் தவணை கட்டும் ஒரு வீட்டின் வரவு செலவை ஓராண்டு எழுதிப் பார்க்க வேண்டும். வள மேலாண்மை படிப்பவர் பாலர் பள்ளியில் ஒரு பருவமாவது உட்கார்ந்து குழந்தைகளைக் கவனித்துக் குறிப்பெழுத வேண்டும். இது ஒன்றும் பெரிய பாடத்திட்ட மாற்றமல்ல. இப்படிப் பயின்றவர்கள் ஆராய வேண்டியவை இங்கேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியது. கடன் வசூலில் நடக்கும் மிரட்டலைத் தடுக்க 2025-ல் சட்டம் வந்தது. இரண்டும் பெண்ணை முன்வைத்துப் பேசப்பட்டன, சரிதான். அந்த ஆயிரம் ரூபாயும் வாசலில் வந்து நிற்காத வசூல்காரரும் வீட்டிலுள்ள நான்கு வயதுக் குழந்தையின் பேச்சிலும் தூக்கத்திலும் என்ன மாற்றம் செய்கின்றன என்று அளந்து பார்க்க, அயோவாவில் நடந்ததைப் போல ஓர் ஆய்வு நமக்கு வேண்டும். குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போகும் தாயை ஒரு துறை தாயாகப் பதிவு செய்கிறது, இன்னொரு துறை கடனாளியாகப் பதிவு செய்கிறது. இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கப் பயின்றவர்களை நம் மனையியல் கல்லூரிகள் ஆண்டுதோறும் அனுப்பிவைக்க முடியும். அவர்களை வேலைக்கு எடுக்க அரசு இன்னும் ஒரு பணியிடம்கூட உருவாக்கவில்லையென்றால், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.