கத்திக்கு ஒரு தாழ்ப்பாள்

பழனிக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணா, அண்ணி, அவர்களுடைய இரண்டு குழந்தைகள், நான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பஞ்சாமிர்த டப்பாவையும் பாதி காலி செய்தாயிற்று. அப்படியும் சின்னவனுக்கு வயிறு நிறையவில்லை. அர்ச்சனைத் தேங்காய் மூடி ஒன்று பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அத்தை, தேங்காய்ப் பத்தை!" என்று என் முழங்கையைப் பிடித்து உலுக்க ஆரம்பித்துவிட்டான்.

"அத்தையைப் பிடுங்காதே, நான் தருகிறேன்" என்றாள் அண்ணி. அண்ணாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனாக் கத்தி இருக்கும். பழம் நறுக்க, பார்சல் கயிறு அறுக்க, பென்சில் சீவ, எல்லாவற்றுக்கும் அதுதான். அண்ணி அதை வாங்கி விரித்தாள். முனையைத் தேங்காய்க்கும் ஓட்டுக்கும் நடுவில் செருகி, கத்தியின் முதுகை ஓட்டின் மேல் அழுத்தி ஒரு நெம்பு நெம்பினாள்.

"டப்!"

தேங்காய் பெயரவில்லை. கத்திதான் மடங்கியது. அது மடங்கிய இடத்தில் அண்ணியின் ஆள்காட்டி விரல் இருந்தது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, ஆஸ்பத்திரி தேடிப் போய், மூன்று தையல் போட்டுக்கொண்டு, ராத்திரி வண்டியில் ஊர் வந்து சேர்ந்தோம். "நரம்பு தப்பியது உங்கள் அதிர்ஷ்டம்" என்று டாக்டர் சொன்னபோது அண்ணாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அண்ணியோ, "கத்தி என்ன செய்யும்? நான்தான் அஜாக்கிரதையாக இருந்துவிட்டேன்" என்று விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் எது உடைந்தாலும் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வது நம் பெண்களுக்குப் பழகிப்போன வழக்கந்தானே!

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. விரித்து வைத்த கத்தி தானாக எப்படி மடங்கும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சாணைக்காரர் சொன்ன பாடம்

ஒரு வாரம் கழித்துத் தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார். அரிவாள்மணையோடு அந்தப் பேனாக் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய், நடந்த கதையைச் சொன்னேன். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அறுக்கிற கத்தி அம்மா. நெம்புகிற கத்தி இல்லை" என்றார். பிறகு ஒரு குச்சியை எடுத்துச் செய்தே காட்டினார்.

கத்தியின் கூரான பக்கத்தால் நாம் ஒரு பழத்தை அழுத்தி நறுக்கும்போது, பழம் அலகை எந்தப் பக்கம் தள்ளுகிறது? விரியும் பக்கம். அலகுதான் ஏற்கனவே முழுக்க விரிந்து நிற்கிறதே! அதற்கு மேல் அது போக இடமில்லை. ஆகவே அபாயம் இல்லை. ஆனால் முனையால் குத்தினாலோ, துளை போட்டாலோ, முதுகை அழுத்தி நெம்பினாலோ, அத்தனை பலமும் அலகை மடக்கும் பக்கம் திரும்பிவிடுகிறது. மடங்கும் வழியில் இருப்பது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும் நம்முடைய நாலு விரல்கள்!

"அப்படியானால் இதுவரை இது மடங்காமல் நின்றது எப்படி?" என்று கேட்டேன்.

கைப்பிடியின் முதுகில் ஓடும் எஃகுப் பட்டையை அவர் காட்டினார். அது ஒரு ஸ்பிரிங். விரித்த அலகின் அடிப்பாகத்தை அது அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அழுத்திப் பிடிக்கிறதே தவிர, பூட்டவில்லை. சாத்திய கதவுக்கும் தாழ்ப்பாள் போட்ட கதவுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? காற்றுக்குச் சாத்திய கதவு போதும். ஓங்கித் தள்ளினால் திறந்துகொள்ளத்தான் செய்யும். நம் வீடுகளில் புழங்கும் பேனாக் கத்திகளில் மிகப் பல இந்தச் சாத்திய கதவு ஜாதிதான். உலகப் புகழ் பெற்ற ஸ்விட்ஜர்லாந்துக் கத்திகளில்கூட, பையில் அடங்கும் சாதாரண அளவில் வருபவற்றின் பெரிய அலகுக்குப் பூட்டுக் கிடையாது. பூட்டு வேண்டுமென்றால் அதற்கென்று செய்த பெரிய கத்தியை வாங்க வேண்டும்.

கழுத்துக்கு ஒரு வளையல்

'சரி, கத்திக்கும் ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையா?' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தேடிப் படித்ததில் சுவையான விஷயங்கள் அகப்பட்டன.

மடக்குக் கத்தி நேற்று வந்த சமாசாரம் அல்ல. ரோமாபுரி மக்களே மடக்குக் கத்தி வைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் யோசனையும் பழையதுதான். ஸ்பெயின் தேசத்து 'நவாஹா' என்ற கத்தியை விரித்தால் 'கடகட'வென்று பல்சக்கரம் போல ஓசை எழும். ஒவ்வொரு பல்லாகப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் கெட்டியாக நின்றுவிடும். ஆனால் சாதாரண வீட்டில் ரொட்டியும் பழமும் நறுக்குகிற எளிய கத்திக்கு எளிய பூட்டு வந்த கதை பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்தது.

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலைச் சாரலில் சவோய் என்று ஒரு பிரதேசம். அங்கே ஜோசப் ஓப்பினெல் என்று ஒரு பையன். தகப்பனார் கோடரி, வெட்டரிவாள் முதலிய ஆயுதங்கள் செய்யும் பட்டறைக்காரர். பையனுக்கோ சின்னக் கத்திகளின் மேல் ஆசை. 1890-ல், தன்னுடைய 18-வது வயதில், அவன் ஒரு மடக்குக் கத்தி செய்தான். ஒரு மரக் கைப்பிடி, ஓர் அலகு, இரண்டையும் இணைக்கும் ஓர் ஆணி. அவ்வளவுதான்! விலை மலிவு, கனம் இல்லை, கூர் அபாரம். விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும் விரும்பி வாங்கினார்கள். 1897-க்குள் சின்னதும் பெரியதுமாக 1-ம் நம்பரிலிருந்து 12-ம் நம்பர் வரை கத்திகள் வந்துவிட்டன.

இத்தனை புகழ் இருந்தும் அந்தக் கத்தியில் பூட்டு இல்லை. 65 வருஷங்கள் அப்படியே ஓடின. 1955-ல் ஜோசப்பின் மகன் மார்செல் ஓப்பினெல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அது என்ன தெரியுமா? ஒரு வளையல்!

ஆமாம், வளையலேதான். கைப்பிடியும் அலகும் சேரும் கழுத்தில் ஓர் எஃகு வளையம். வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் வெட்டு இருக்கும். வெட்டு, கைப்பிடியின் பள்ளத்துக்கு நேராக இருக்கும்போது அலகு தாராளமாக விரியும், மடங்கும். விரித்த பிறகு வளையத்தைக் கொஞ்சம் திருப்பினால் வெட்டு விலகி, வளையத்தின் கெட்டியான பாகம் அலகு திரும்பி வரும் வழியை மறித்துக்கொள்ளும். நெம்பினாலும் அலகு சட்டென்று விரல் மேல் விழாது. பூட்டைத் திறக்க, வளையத்தைப் பழையபடி திருப்பினால் போதும்.

2000-ம் ஆண்டில் இதையே இன்னும் கொஞ்சம் திருத்தி, மடக்கிய நிலையிலும் கத்தியைப் பூட்டும்படி செய்தார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கைப்பைக்குள் சாவி தேடிக் கையை விடும் நமக்கும், அம்மாவின் பையைக் குடையும் குழந்தைக்கும் இது பெரிய விஷயம்! ஆனால் ஒன்று: இந்தக் கத்தியிலும் மிகச் சிறிய நம்பர்களுக்கு வளையம் கிடையாது. 6-ம் நம்பரிலிருந்துதான் உண்டு. குழந்தைகளுக்கென்றே முனை மழுங்கலாக வட்டமாகச் செய்த 7-ம் நம்பர் கத்தி ஒன்றும் இருக்கிறது. அதற்கும் வளையம் உண்டு.

தானே விழும் தாழ்ப்பாள்கள்

வளையலைத் திருப்ப மறந்துவிட்டால்? அப்போது அது பூட்டில்லாத கத்திதான். மறதி மனிதருக்குச் சகஜம் அல்லவா? ஆகவே விரித்த உடனே தானாக விழும் தாழ்ப்பாள்களும் உண்டு.

அமெரிக்காவில் பக் என்ற குடும்பத்தார் 1964-ல் வேட்டைக்காரர்களுக்காக ஒரு மடக்குக் கத்தியை வெளியிட்டார்கள். அதன் முதுகுக்குள் ஏற்றப்பலகை போல ஆடும் ஓர் எஃகுத் துண்டு இருக்கிறது. கத்தியை விரித்ததும் அதன் ஒரு முனை, அலகின் அடியில் உள்ள பள்ளத்தில் 'டக்'கென்று விழுந்துவிடும். முதுகில் ஓரிடத்தை அழுத்தினால்தான் அது எழும்பி வழிவிடும். முதுகுப் பூட்டு என்று சொல்லலாம்.

இன்னொரு வகை, கைப்பிடிக்குள் பக்கவாட்டில் இருக்கும் மெல்லிய தகடு. அலகு விரிந்ததும் தகடு உள்பக்கமாக நகர்ந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நின்றுவிடும். இந்த யோசனை 1906-லேயே அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. 1980-களின் ஆரம்பத்தில் மைக்கேல் வாக்கர் என்பவர் இதைத் திருத்தி அமைத்த பிறகுதான் உலகெங்கும் பரவியது. மெல்லிய தகட்டுக்குப் பதிலாகக் கைப்பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக்கிக் காட்டியவர் கிறிஸ் ரீவ். அது 1987-ல்.

தகட்டுப் பூட்டில் ஒரு சங்கடம் உண்டு. அதைத் திறக்கக் கட்டை விரலை அலகு வரும் வழியிலேயே வைக்க வேண்டியிருக்கிறது. தகட்டைத் தள்ளி, அலகைச் சிறிது மடக்கியதும் விரலை எடுத்துவிட வேண்டும். முதுகுப் பூட்டிலோ பள்ளத்தில் நூலும் தூசும் அடைந்தால் தாழ்ப்பாள் முழுக்க விழாது, விழுந்ததுபோல ஏமாற்றிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், விரலைக் காக்கும் இந்தப் பூட்டைச் சட்டம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது! இங்கிலாந்தில் 1988-ம் வருஷச் சட்டப்படி, 3 அங்குலத்துக்கு மேற்படாத அலகுள்ள மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூட்டுப் போட்ட கத்திக்கு அந்தச் சலுகை இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தகுந்த காரணம் காட்ட வேண்டும். பூட்டிய கத்தி குத்தினாலும் மடங்காது அல்லவா? தேங்காய்க்கு உதவும் குணமே போக்கிரிக்கும் உதவுகிறது. ஹிந்தி சினிமா வில்லன் ராம்பூர்க் கத்தியை விரிக்கும்போது கேட்கும் ஓசை நமக்குப் பழக்கமானதுதானே!

வீட்டுக்கு வேண்டிய விதிகள்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு எங்கள் வீட்டில் சில விதிகள் போட்டுக்கொண்டோம். உங்களுக்கும் உபயோகப்படலாம்.

முதலாவது, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மடக்குக் கத்தியால் நெம்புவது, துளை போடுவது, டப்பா மூடி திறப்பது கூடாது. பூட்டு என்பது கைதவறினால் காப்பாற்ற வைத்தது. கைதவறுவதற்கு அனுமதிச் சீட்டு அல்ல.

வாங்கும்போது கத்தியை விரித்து, அலகு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். விரல்களைப் பள்ளத்தின் பக்கம் வராமல் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பூட்டுக் கத்தி அசையக் கூடாது.

மடக்கும்போது அலகின் முதுகை உள்ளங்கையால் தள்ளி மடக்குங்கள். அவசரம் வேண்டாம். பேசிக்கொண்டே மடக்குவதும் வேண்டாம்.

பழச்சாறு கீலில் தங்கினால் பிசுபிசுத்துப் போகும். கழுவித் துடைத்து, நன்றாக உலர்த்தி, கீலில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மரக் கைப்பிடியைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். மரம் உப்பி அலகை இறுக்கிக்கொள்ளும். இழுத்துத் திறக்கும்போது கை நழுவும்.

குழந்தைகள் உட்கார்ந்துதான் கத்தியைத் தொட வேண்டும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மடக்கித்தான் கொடுக்க வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காதீர்கள், அனுமதி கிடையாது.

இத்தனைக்கும் மேல் விரல் அறுபட்டுவிட்டால் காப்பிப் பொடியையும் மஞ்சள் பொடியையும் தேடி ஓடாதீர்கள். காயத்தில் பொடி போனால் டாக்டருக்கு அதைக் கழுவுவதே வேலையாகிவிடும். சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். நடுவில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். விரலை மடக்க முடியாவிட்டாலோ, நுனி மரத்துப் போயிருந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். தனுர்வாத ஊசியைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணியின் விரல் ஆறிவிட்டது. ஆனால் பூத் தொடுக்கும்போது அந்த விரல் கொஞ்சம் பின்தங்குகிறது என்பாள். அண்ணா எங்கேயோ விசாரித்து வளையம் போட்ட கத்தி ஒன்று வாங்கி வந்தார். அண்ணி அதை வாங்கி, விரித்து, வளையத்தைத் திருப்பிப் பார்த்தாள். "கத்திக்கு வளையல் வாங்கத் தெரிகிறது, கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் தெரியவில்லை!" என்றாள்.

அடுத்த தடவை கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதும் அர்ச்சனைத் தேங்காய் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. சின்னவன் அதைப் பார்த்தான். அம்மாவின் விரலையும் பார்த்தான். "வீட்டுக்குப் போய் அடுப்பில் மூடியைச் சுட வைத்தால் பத்தை சுலபமாகப் பெயர்ந்து வந்துவிடும், இல்லையா அம்மா?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.