அடுக்களை அலமாரிக்குள் இத்தனை அதிசயங்களா! தெரியுமா உங்களுக்கு?

2020 மார்ச் 24, இரவு 8 மணி. நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்று தொலைக்காட்சியில் அறிவிப்பு வருகிறது. அடுத்த நொடியே நாடு முழுக்க வீடுகளில் ஒரே கேள்வி: “அரிசி எத்தனை நாளைக்கு வரும்?” 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியிலேயே சிக்கிக்கொண்ட சென்னைவாசிகளும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதில் அலமாரியில் இருக்கிறது. வாருங்கள், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்ப்போம்!

பயறில் இருக்கும் ஓட்டை, வண்டு உள்ளே போன வழி இல்லை, தெரியுமா?

அது வெளியே வந்த வழி! தாய் வண்டு பச்சைப்பயறு, காராமணி, கொண்டைக்கடலை போன்றவற்றின் தோல்மேல் முட்டையை ஒட்டி வைக்கிறது. பொரிந்த புழு பயறைக் குடைந்து உள்ளே போய், அங்கேயே தின்று, அங்கேயே வளர்ந்து, வண்டாக மாறி வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வெளியேறுகிறது. இன்னொரு வியப்பு: வளர்ந்த வண்டுக்குச் சாப்பாடே தேவையில்லை! அதன் வாழ்நாள் சாப்பாடு முழுவதும் புழுப் பருவத்திலேயே முடிந்துவிடுகிறது.

பாட்டி பயறில் விளக்கெண்ணெய் தடவி வைத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடும், முட்டை பொரியாது. கிராமங்களில் துவரையைச் செம்மண் கட்டிக் காயவைத்ததும் வண்டை விரட்டத்தான். ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் இல்லாமல் நம் பெண்கள் கண்டுபிடித்த பூச்சியியல் இது!

வண்டுக்குக் காற்று என்றால் ஆசை, தெரியுமா?

தானியத்துக்குள் இருக்கும் வண்டுகள் காற்று உள்ள இடத்தைத் தேடி நகரும். இந்த ஒரே குணத்தை வைத்து, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு பொறி செய்தது. உடம்பெல்லாம் துளையிட்ட ஒரு குழாய், அடியில் ஒரு கூம்பு, அவ்வளவுதான். அரிசிக்குள் நட்டு வைத்தால் வண்டு காற்றைத் தேடித் துளைக்குள் நுழையும். வழுக்கிக் கூம்புக்குள் விழும். மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை!

புழுங்கலரிசிக்குள் ஒரு மருந்து ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் ‘பி1’ வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி அரிசியிலேயே தங்கும். இந்தச் சத்து குறைந்தால் வருவது ‘பெரிபெரி’ எனும் கொடிய நோய். 1890-களில் ஜாவாவில் வேலை பார்த்த டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான், தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் நடக்க முடியாமல் விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கண்டார். அந்தக் கோழிகள் அவருக்கு 1929-இல் நோபல் பரிசையே வாங்கித் தந்தன!

ஆனால் சேமிப்பில் கணக்கு வேறு. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும். தீட்டிய அரிசியோ ஈரம் படாமல் மூடி வைத்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆகவே கைக்குத்தல் அரிசியைக் கொஞ்சமாக வாங்குங்கள்; மூட்டையாக வேண்டுமென்றால் தீட்டிய அரிசியை வாங்குங்கள்.

வத்தல் என்பது பிடித்து வைத்த வெயில், தெரியுமா?

பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உயிர்வாழத் தண்ணீர் வேண்டும். அதைப் பறித்துவிட்டால் எந்தப் பண்டமும் எளிதில் கெடாது. சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய், மோர்மிளகாய் எல்லாவற்றின் ரகசியமும் இதுதான்! உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு கிருமியை அண்டவிடாமல் தடுக்கிறது. மிச்ச ஈரத்தை வெயில் குடித்துவிடுகிறது. கருவாடும் உப்புக்கண்டமும் இதே வழிதான். ஊறுகாயிலோ உப்பும் புளிப்பும் காவல் காக்க, மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றுக்குக் கதவடைக்கிறது. மொட்டை மாடியில் குழந்தைகள் காக்கை ஓட்ட, பெரியவர்கள் வடகம் பிழிந்த அந்தச் சித்திரை வெயில்தான், ஐப்பசி அடைமழையில் காய்கறி கிடைக்காத நாளில் வத்தக்குழம்பாகக் கொதித்தது!

தேன் கெடாது, தெரியுமா?

சுத்தமான தேனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இல்லை. போதாததற்குப் புளிப்புத் தன்மையும் உண்டு. கிருமி அதில் பெருக முடியாது. உறைந்துபோனாலும் பயப்பட வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கவே கூடாது.

டப்பா உணவு வந்து 40 ஆண்டுக்கு மேல் ஆகியும் அதைத் திறக்கக் கருவி வரவில்லை, தெரியுமா?

படைவீரர்களுக்குக் கெடாத உணவு வேண்டுமென்று பிரான்சு அரசு பரிசு அறிவிக்க, நிக்கோலா அப்பேர் என்ற சமையற்காரர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் கொதிக்கவைத்து 1810-இல் 12,000 பிராங்க் வென்றார். அதே ஆண்டு பிரிட்டனில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை கிடைத்தது. டப்பாவைத் திறக்கும் கருவியோ 1850-களில்தான் வந்தது! அதுவரை உளியும் சுத்தியலும்தான்.

எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்றார்கள், தெரியுமா?

முடித்துக் காட்டியது குஜராத்தின் ஆனந்த்! 1955-இல் எச்.எம். தலாயா என்ற பொறியாளரின் முயற்சியால் அமுல் கூட்டுறவு அதைச் சாதித்தது. பால் வண்டி வராத நாளில் நம்மைக் காப்பாற்றும் பால் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இப்படி ஒரு வெற்றிக் கதை!

ஊருக்கே குதிர் கட்டினார்கள், தெரியுமா?

ஸ்ரீரங்கம் கோயிலிலும், பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலிலும் பழைய பெரிய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 1770 வங்கப் பஞ்சத்துக்குப் பிறகு பாட்னாவில் எழுந்தது ‘கோல்கர்’. 1786-இல் கட்டி முடித்த இந்த ராட்சதக் குதிர் சுமார் 29 மீட்டர் உயரம்! வெளிப்புறமாகச் சுற்றிச் செல்லும் 145 படிகளில் தானிய மூட்டையைச் சுமந்து ஏறி, உச்சித் துளை வழியாகக் கொட்டும்படி அமைத்தார்கள். நாட்டுக்கே சேமித்து வைப்பவர்களும் உண்டு: சுவிட்சர்லாந்தின் அவசரகாலக் கையிருப்பில் 2019-இல் காபிக்கொட்டைகூட இருந்தது, சுமார் 15,000 டன்! காபி உயிர்வாழ அவசியமில்லை, இதைக் கைவிடலாம் என்று அந்த ஆண்டு அரசு சொன்னபோது எதிர்ப்பு கிளம்பியது.

சிலிண்டரில் ஒரு தேதி எழுதியிருக்கிறது, தெரியுமா?

கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் பாருங்கள். A, B, C, D என்ற எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகள். பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். D-27 என்றிருந்தால் 2027 அக்டோபர் முதல் டிசம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தேதி கடந்த சிலிண்டரை வாங்காதீர்கள்!

இவையும் தெரியுமா?

• உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள். இரண்டும் சீக்கிரம் கெடும். வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளையில் நஞ்சு சேரும்.

• ரவை, மைதாவை நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டு முட்டைகள் செத்துவிடும்.

• ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு: வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உயிர்காக்கும் கரைசல்!

• பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு, உயிரையே பறிக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரிய ரகசியம் தெரியுமா?

நிலநடுக்கம் ஓயாத ஜப்பானில் ஒரு பழக்கம் உண்டு. அவசரத்துக்கென்று தனி மூட்டை கட்டிப் பரணில் போடாமல், தினமும் சாப்பிடுவதையே கொஞ்சம் கூடுதலாக வாங்குகிறார்கள். பழையதை முன்னால் வைத்து எடுக்கிறார்கள். எடுத்த அளவுக்குப் புதியதைப் பின்னால் நிரப்புகிறார்கள். எதுவும் வீணாவதில்லை, எப்போதும் கையிருப்பு உண்டு. குதிரின் அடித்துளையில் பழைய நெல்லை எடுத்து, மேல்வாயில் புது நெல்லைக் கொட்டிய நம் முன்னோர் செய்ததும் இதுதானே!

இந்த மாத மளிகைச் சீட்டில் ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு, வழக்கமான மாத்திரைகள் இவற்றை மட்டும் கூடுதலாக எழுதுங்கள். பயம் வந்த நாளில் ஓடிப்போய்க் கடையைக் காலி செய்யாதீர்கள். உங்களுக்குப் பின்னால் அன்றன்றைய கூலியில் அன்றன்றைய அரிசி வாங்கும் ஒருவர் பையோடு நிற்பார். அவருக்கும் மிச்சம் இருக்கட்டும்!