ஒடித்துத் திருப்பும்போது கேட்கிறதா?

“அண்ணாச்சி, லிங்க் ராடு போயிட்டு. மாத்தி விட்ருங்க.”

சாவியை என் கையில் கொடுக்கும்போதே பலர் தீர்ப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். யூடியூபில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் நடத்தும் எனக்கு ஸ்பேரின் பெயர் தேவையில்லை. சத்தம் எப்போது வருகிறது? நேராகப் போகும்போதா, திருப்பும்போதா? ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடுகிறதா? பிரேக்கில் கால் வைத்ததும் நின்றுவிடுகிறதா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதில் தெரியாமல் ஸ்பேர் மாற்றினால் காசு போகும், சத்தம் போகாது.

மெதுவாகப் போகும்போது மட்டும் முன்பக்கத்திலிருந்து வரும் ‘டிக் டிக்’, ‘கடக் கடக்’ சத்தம்தான் ரொம்பப் பேரைக் குழப்புகிறது. தெருவுக்குள் கேட்கும், பைபாஸில் ஏறினால் கேட்காது. “ஸ்பீடு எடுத்தா சரியாயிருது” என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். சரியாவதில்லை. 165/80 அளவுள்ள 14 இஞ்ச் டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு டிக்கையும் தனித்தனியாக எண்ணலாம். 60 கிலோமீட்டரில் நொடிக்கு எட்டுச் சுற்றுக்கு மேல் போய்விடும். டிக்குகள் ஒன்றோடொன்று சேர்ந்து இரைச்சலாகி, காற்றுச் சத்தத்திலும் டயர் சத்தத்திலும் அமுங்கிவிடும். போதாததற்கு, பைபாஸில் யாரும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிப்பதில்லை. அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் சத்தம் என்ஜினோடு போகிறதா, சக்கரத்தோடு போகிறதா என்று பிரிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக மிதியுங்கள். டிக் டிக் கேட்டு, என்ஜின் வேகம் கூடக் கூட அதுவும் வேகமானால் சக்கரத்தைச் சந்தேகப்பட வேண்டாம்; ஆயில் அளவிலிருந்தும் டேப்பட்டிலிருந்தும் தேடலைத் தொடங்க வேண்டும். நின்றிருக்கும்போது ஒன்றுமே கேட்காவிட்டால், ஆளில்லாத சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அணைத்தால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் தீர்ந்துவிடும். நியூட்ரலிலும் அதே தாளத்தில் சத்தம் வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. கியரில் போட்டு மிதிக்கும்போது மட்டும் வலுத்தால் ஆக்ஸில் பக்கம் சந்தேகம் போகும்.

ஜன்னல்களை இறக்கிவிட்டு ஒரு நீளமான மதிலை ஒட்டி மெதுவாக ஓட்டினால் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வரும். இடப்பக்கமா வலப்பக்கமா என்று காதுக்கே தெரிந்துவிடும். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவரைக் கூடவே நடந்து வரச் சொன்னால் இன்னும் நல்லது. கோடு தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு டிக் என்றால், டயரின் பள்ளத்தில் கல்லோ ஆணியோ சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். சிமெண்ட் தரையில் பளிச்சென்று கேட்டு, மண் பாதையில் கேட்காமல் போனால் அது அநேகமாகக் கல்தான். ஆணியாக இருந்தால் நின்ற இடத்திலேயே பிடுங்காமல் பஞ்சர் கடைக்குப் போய்விடுங்கள். பிளாஸ்டிக் வீல் கப்பின் கொக்கி உடைந்திருந்தாலும் இதே மாதிரி டிக்கும். நாலு கப்பையும் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு ஒரு ரவுண்டு போனால் தெரிந்துவிடும், செலவும் கிடையாது.

கப்பைக் கழற்றும்போது வீல் நட்டுகளையும் பார்த்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். நட்டு லூசானாலும் முதலில் கேட்பது மெதுவான வேகத்தில் வரும் டிக் டிக்தான். சக்கரம் ஹப்பில் அழுந்தி உட்காராமல் ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு நகர்கிறது. நட்டைச் சுற்றித் துருப்பொடி வழிந்த கோடும், ரிம்மின் ஓட்டை ஓரத்தில் தேய்ந்து பளபளக்கும் இரும்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். பஞ்சர் ஒட்டிய பிறகோ, டயர் மாற்றிய பிறகோ புதிதாகச் சத்தம் தொடங்கினால் அடுத்த திருப்பம் வரைகூட ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி, ஸ்பேனர் எடுத்து நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். 100 கிலோமீட்டர் போன பிறகு மறுபடி ஒரு முறை பார்ப்பதும் அவசியம். மற்ற சத்தங்களெல்லாம் நாளைக்குக் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இனி ஒடித்துத் திருப்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தன் சின்னக் காரோடு வந்தார். வேறொரு இடத்தில் இரண்டு லிங்க் ராடும் ஒரு ஷாக் அப்சர்பரும் மாற்றியிருந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. ஆனால் அவர் சொன்ன விவரத்தில் விடை இருந்தது: “கேட்டை விட்டு வெளிய எடுத்து, வலது பக்கம் முழுசா ஒடிச்சு மிதிக்கும்போது மட்டும் கடக் கடக்குனு கேக்கு தம்பி. நேராப் போனா ஒண்ணும் இல்ல.”

“டீச்சர், ஸ்டியரிங்க அப்படியே வலது பக்கம் கடைசி வரைக்கும் ஒடிச்சு நிறுத்துங்க” என்றேன். இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்தபோது, ரிம்மின் உட்பக்கத்தில் கறுப்புக் கிரீஸ் வளையமாகத் தெறித்துக் காய்ந்திருந்தது. லோயர் ஆர்மிலும் அதே கறுப்பு. ஆக்ஸிலின் நுனியில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பூட் இருக்கும். நேராக நிற்கும்போது மடிப்புகள் மூடிக்கொள்வதால் அதன் கிழிசல் வெளியே தெரியவில்லை. சக்கரம் திரும்பியதும் வாய் பிளந்தது. உள்ளே மிச்சமிருந்த கிரீஸை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று மணல்.

அந்தப் பூட்டுக்குள் இருப்பதுதான் சி.வி. ஜாயிண்ட். என்ஜினின் இழுவிசையைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும், அதே நேரம் சக்கரம் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். வேகம் ஏறி இறங்காமல் இரண்டையும் செய்வது இந்த மூட்டு. பெரும்பாலும் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு கூடு, உள்ளும் வெளியும் குண்டுகள் ஓட வளைந்த பள்ளங்கள். இந்த அமைப்பு ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் 1920களில் உருவாக்கியது. 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி காரில் இதைத்தான் வைத்தார்கள். நம் ஊர் அம்பாசடரிலும் பத்மினியிலும் பின்சக்கரம்தான் இழுக்கும், முன்சக்கரம் சும்மா திரும்பும். அதனால் அந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்குப் பழகிய சத்தம், வண்டி எடுக்கும்போது நடுவில் ‘டங்’ என்று வரும் கிராஸ் ஜாயிண்ட் சத்தம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து முன்சக்கர இழுவை பரவலான பிறகுதான் இந்தக் கடக் கடக் தெருத்தெருவாகக் கேட்க ஆரம்பித்தது. முன்சக்கரம் இழுக்கும் மின்சாரக் காரிலும் இதே மூட்டுதான். என்ஜின் சத்தம் இல்லாததால் அதில் இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

நேராகப் போகும்போது குண்டுகள் பள்ளத்தில் அதிகம் நகர்வதில்லை. சக்கரத்தை ஒடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓடி வர வேண்டும். மணல் புகுந்து பள்ளம் தேய்ந்து குழி விழுந்திருந்தால் குண்டு அந்தக் குழியில் விழுந்து ஏறும்போது ‘கடக்’. மிதிக்க மிதிக்க அழுத்தம் கூடும், சத்தமும் கூடும். பெரும்பாலும் வலப்பக்கம் திருப்பினால் இடது ஜாயிண்டும், இடப்பக்கம் திருப்பினால் வலது ஜாயிண்டும் கத்தும். இதையே விதியாக வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழு வட்டம் போட வேண்டும், ரிவர்ஸிலும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

பூட் கிழிந்து, இன்னும் சத்தம் வராத நிலையில் வண்டி வந்தால் எனக்கு மெய்யாகவே சந்தோஷம். ஜாயிண்டைப் பிரித்துக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, புதுப் பூட் மாட்டி கிளாம்ப் போட்டால் போதும். சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. விழுந்த குழி கிரீஸால் நிரம்பாது. ஜாயிண்டோ முழு ஆக்ஸிலோ மாற்றத்தான் வேண்டும், செலவு பல மடங்கு. அந்த நிலையில் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உடைந்துவிட்டால் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், கியர் விழும், வண்டி நகராது. ஆகவே ஆயில் மாற்ற வண்டியைத் தூக்கும்போதெல்லாம் நாலு பூட்டையும் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உட்பக்க ஜாயிண்டுக்கும் பூட் உண்டு.

எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல. பல புதிய கார்களில் ஸ்டார்ட் செய்து கிளம்பிய சற்று நேரத்தில், 10, 20 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும்போது ஒரே ஒரு முறை ‘டொக்’ என்று கேட்கும். ஏ.பி.எஸ். தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்து முதல் பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘டக்’ கேட்டால், பிரேக் பேட் தன் இடத்தில் சற்றே நகர்ந்து உட்காருகிறது. அந்த டக் பெரிதாகிவிட்டால் மட்டும் பேட் கிளிப்பைப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதே சத்தம் வந்தால் ஷாக் அப்சர்பரின் மேல் மவுண்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

டீச்சரின் காரில் சத்தத்தைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்டது ஒரு டார்ச்சும் கொஞ்சம் பொறுமையும்தான். அதற்கு முன்னால் மாற்றிய ஸ்பேர்களுக்கு அவர் கொடுத்த பணம் வீண். இதில் தப்பு மெக்கானிக்குகள்மேல் மட்டும் இல்லை. ஷாக் அப்சர்பருக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுப்பவர்கள், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து டயரிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டினால், “இதுக்கா காசு?” என்கிறார்கள். கேட்டுக் கண்டுபிடிக்கும் வேலைக்குக் கூலி இல்லாத இடத்தில் ஸ்பேர் மாற்றும் வேலைதான் பெருகும். நான் சோதனைக் கூலியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கல்லாக இருந்தாலும் அதை வாங்குகிறேன். மாற்றிய பழைய ஸ்பேரை உரிமையாளர் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டுகிறேன். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் நீங்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். உங்கள் காலும் கையும் பழகிய விதத்தில்தான் அந்தச் சத்தம் வரும், எங்கள் கைக்கு வராமல் போகலாம். காலையில் குளிர்ந்த வண்டியில் மட்டும் கேட்கிறது என்றால் முதல் நாள் இரவே கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். சூடேறிய வண்டியைக் காட்டி, “காலையில கேட்டுச்சே” என்று சொன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும்?