வீட்டுத் தரையும் விரிப்பும்

புதிய வீட்டின் சாவி கைக்கு வந்த அன்றே சுவருக்கு என்ன வண்ணம், சன்னலுக்கு என்ன திரை என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். தரையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. அதுவும் கடைக்காரர் எடுத்துக் காட்டும் நான்கைந்து மாதிரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடமாடுவது நம் வழக்கம். குழந்தை தவழ்வது தரையில். தீபாவளிக்கு உறவினர் கூடினால் நாற்காலி போதாமல் பாதிப்பேர் அமர்வதும் தரையில். பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் அதே தரையில்தான். ஆகவே இன்று தரையைப் பற்றியும், அதன்மேல் நாம் போடும் விரிப்புகளைப் பற்றியும் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் நம் ஊர்க் காற்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டையும் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 விழுக்காட்டையொட்டி இறங்கும். மலேசியாவின் தாழ்நிலப் பகுதிகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். குளிர்நாட்டுச் சஞ்சிகைகளில் கண்ணைப் பறிக்கும் கனத்த கம்பளங்கள் இந்தக் காற்றுக்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. அங்கே காலுக்கு வெதுவெதுப்பு வேண்டும்; இங்கே குளிர்ச்சி வேண்டும்.

தோட்டப்புற லயங்களிலும் கம்பத்து வீடுகளிலும் வளர்ந்தவர்களுக்குச் சிமெண்டுத் தரை நினைவிருக்கும். சிவப்பு மெழுகு பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும்படி செய்துவிடுவார்கள். 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றிய பின், அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்கள் சிமெண்டுத் தரையின்மேல் தத்தம் வசதிக்கேற்ப வினைல் ஓடோ மொசைக்கோ பதித்துக்கொண்டார்கள். டெரசோ தரையும் அக்காலத்தில் பரவியதே. சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பதித்து, இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றுவதே டெரசோ. பழைய வீட்டை வாங்குபவர்கள் இதை உடைத்தெறிந்துவிட்டுப் புதிய ஓடு போடுவதைக் காணும்போது நமக்கு மனம் கேட்பதில்லை. மங்கிப்போன டெரசோவை மறுபடி தேய்த்து மெருகேற்றினால் அது இன்னும் பல்லாண்டுகள் உழைக்கும். உடைக்கும் செலவும் மிச்சம்.

டெரசோவுக்கும் சலவைக்கல்லுக்கும் ஒரு பகை உண்டு. அது புளிப்பு. சலவைக்கல் என்பது சுண்ணாம்புச் சத்தால் ஆனது. எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், வினிகர் இவை பட்டால் அந்தச் சத்து கரைந்து, பளபளப்புப் போய், வெளிறிய தழும்பு விழுந்துவிடும். இதைக் கறை என்று நினைத்து மேலும் வலிய திரவங்களை ஊற்றுபவர்கள் உண்டு. கறையன்று, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது, மெருகேற்றினால்தான் சரியாகும். திருஷ்டி கழித்து வாசலில் எலுமிச்சையை வெட்டி வைக்கும் வழக்கமுள்ளவர்கள், சலவைக்கல் வாசற்படியாக இருந்தால் அடியில் ஒரு தட்டை வைத்துக்கொள்வது நல்லது.

இன்று பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது சுட்ட ஓடு. அதிலும் போர்சலின் ஓடு மிக அடர்த்தியானது. தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. ஆகவே கறை எளிதில் ஊறுவதில்லை. ஆனால் கண்ணாடி போல் மெருகேற்றிய ஓட்டை வரவேற்பறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சமையலறைக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பான ஓடே தகும். கடையில் உலர்ந்த ஓட்டைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதிரி ஓட்டைக் கேட்டு வாங்கித் தரையில் வைத்து, சோப்பு நீர் தெளித்து, வெறுங்காலை அழுத்தி மெல்ல இழுத்துப் பாருங்கள். குளியலறைக்குச் சிறிய ஓடுகள் நல்லவை. இடையிலுள்ள இணைப்புக் கோடுகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. வாங்கும்போது கணக்குக்கு மேல் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். ஒரே பெயர் கொண்ட ஓடாயினும் சூளைக்குச் சூளை நிறம் சற்று வேறுபடும். ஐந்தாண்டு கழித்து அதே நிறத்தைத் தேடினால் கிடைக்காது.

பதித்து முடித்ததும், குத்தகையாளருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். ஒரு நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுப் பானையைத் தட்டுவதுபோல் ஒலித்தால் அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அடுத்து, குளியலறையில் ஒரு வாளி நீரைக் கொட்டிவிட்டுப் பாருங்கள். நீர் வடிகாலை நோக்கி ஓடாமல் மூலையில் தேங்கினால், அந்த மூலையில் நாளை பாசி படியும், நாளை மறுநாள் ஒருவர் வழுக்குவார்.

ஓடு திடீரென்று வெடித்து எழும்புவதும் உண்டு. 2018 சனவரியில் நாட்கணக்கில் மழை பெய்து குளிர்ந்தபோது, சிங்கப்பூரில் பல வீடுகளில் தரையோடுகள் சத்தத்தோடு பெயர்ந்து கூடாரம் போல் எழுந்தன. பேய் பிசாசு என்று அஞ்ச வேண்டியதில்லை. வெப்பம் சட்டென்று மாறும்போது ஓடும் கீழுள்ள சிமெண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. பிடிப்புத் தளர்ந்த இடத்தில் ஓடு மேலெழும்பிவிடுகிறது. நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுவே.

வீவக வீட்டில் இருப்போர் சில விதிகளை நினைவிற்கொள்ள வேண்டும். புதிய வீடு கட்டி முடிந்து மூன்றாண்டுகள் வரை குளியலறை, கழிவறை ஓடுகளை உடைக்கக்கூடாது. ஓட்டுக்குக் கீழே நீர் கசியாமல் தடுக்கும் ஒரு படலம் உண்டு. உளி அதைக் கிழித்துவிட்டால் கீழ்வீட்டுக் கூரையில் நீர் சொட்டும். அப்படிச் சொட்டினால், மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்தே அதைக் கண்டறிந்து பழுதுபார்க்கும் பொறுப்புடையவர்கள். தரைப் பூச்சும் அடிச் சிமெண்டும் சேர்ந்து 50 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியும், கட்டடம் தாங்கும் பாரத்தை எண்ணி வைத்ததே. ஓட்டின்மேல் ஓடாக அடுக்கிக்கொண்டே போக முடியாது.

மரத்தரையை விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஒன்றே: மரம் ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடி, பகலெல்லாம் சன்னல் திறந்திருக்கும் அறையில் அது நாள்தோறும் நடக்கிறது. ஆகவே சுவரோரத்தில் சிறு இடைவெளி விட்டுத்தான் மரத்தைப் பதிப்பார்கள். வாளி நீரை ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் அதற்கு எமன். நன்கு பிழிந்த துணியால் துடைத்தால் போதும். வினைல் தரைக்கு அந்தத் தொல்லை இல்லை, விலையும் குறைவு. ஆனால் கனமான அலமாரியை இழுத்தால் கிழியும். மிகப் பழைய வீடுகளின் வினைல் ஓடுகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அவற்றை நாமே சுரண்டவோ உடைக்கவோ கூடாது. தக்க பயிற்சி பெற்றவரைக் கொண்டே அகற்ற வேண்டும்.

இனிக் கம்பளத்திற்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டுப் படுக்கையறையில் சுவர் முதல் சுவர் வரை கம்பளம் ஒட்டினோம். குளிர்சாதனம் போட்ட அறை, மெத்தென்ற தரை, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆறேழு மாதங்களில் இளைய மகனுக்கு விடியற்காலையில் தும்மலும் இளைப்பும் தொடங்கின. மருத்துவரிடம் போனோம். அவர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, “படுக்கையறைத் தரை என்ன?” என்று கேட்டார். அப்போதுதான் நமக்கு உறைத்தது. கம்பளத்தைப் பெயர்த்தபோது அடியில் பூஞ்சை கரும்புள்ளிகளாகப் படர்ந்திருந்தது. அந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

பூஞ்சையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தூசிப் பூச்சி என்னும் உயிரினம் தெரிவதில்லை. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட எட்டாது. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துணுக்குகளே அதன் உணவு. அது நீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கிறது. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நிலைத்தால் அது வாடிவிடும். நம் ஊரில் அப்படி ஒரு நாள்கூட வாய்ப்பதில்லை. வெப்பமண்டலத்திற்கே உரிய புளோமியா டிராப்பிக்காலிஸ் என்ற இனமும் இங்கே வீட்டுத் தூசியில் மலிந்து கிடக்கிறது. பூச்சி நம்மைக் கடிப்பதில்லை. அதன் எச்சமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. தூசு உறிஞ்சும் கருவி மேலுள்ள தூசியை எடுக்குமே தவிர, இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள பூச்சிகளை எளிதில் எடுக்காது.

கம்பளத்தை எடுத்துவிட்டால் ஆஸ்துமா தீர்ந்துவிடும் என்று சொல்ல மாட்டோம். மெத்தையிலும் தலையணையிலும் அதே பூச்சிகள் குடியிருக்கின்றன. படுக்கை விரிப்பை வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைப்பது அதற்கு வழி. மருத்துவர் தந்த மருந்தையும் தாமாக நிறுத்தக்கூடாது. ஆனால் இளைப்பு நோயுள்ள பிள்ளை உறங்கும் அறையில் ஒட்டுக் கம்பளம் வேண்டவே வேண்டாம் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த அறைக்கு மெங்குவாங் பாயோ, ஊரிலிருந்து வரும் கோரைப்பாயோ, பவானி ஜமக்காளமோ போதும். ஜமக்காளத்தைத் துவைக்கலாம், பாயைத் துடைத்து உலர்த்தலாம்.

வரவேற்பறையில் அழகுக்காக ஒரு கம்பளம் வேண்டுமென்றால், எடுத்து உதறக்கூடிய அளவில் வாங்குங்கள். அரபு ஸ்திரீட் கடைகளில் கையால் முடிச்சிட்ட பாரசீகக் கம்பளங்களைக் காணலாம். கையால் முடிந்ததா என்றறிய அதைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கச் சித்திரம் பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் சற்று ஏறுமாறாக இருக்கும். ஓரக் குஞ்சம் தைத்து ஒட்டியதாக இல்லாமல் கம்பளத்தின் பாவு நூலாகவே இருக்கும். கம்பளியா செயற்கை இழையா என்ற ஐயம் வந்தால், உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்தினால் தெரியும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். (கடைக்காரரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்!)

கறை பட்டால் தேய்க்காதீர்கள். தேய்ப்பது கறையை உள்ளே அனுப்பும் வேலை. வெள்ளைத் துணியை மேலே அழுத்தி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். குழம்புக் கறைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவது நமக்குத் தெரிந்ததே. குங்குமமும் ஆரத்தியும் அப்படித்தான் உண்டாகின்றன. காரத்தன்மையுள்ள சோப்பைப் போட்டால் மஞ்சள் கறையும் அவ்வாறே சிவந்து நம்மைத் திகைக்க வைக்கும். எண்ணெய்ப் பசையை மென்மையான பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுத்துவிட்டு, மிஞ்சிய மஞ்சளை வெயிலுக்கு விட்டுவிடுங்கள். வெயிலில் அது தானே வெளுக்கும்.

கழிவறைத் தரையைக் கழுவும்போது குளோரின் கலந்த வெளுப்புத் திரவத்தையும், அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றக்கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். சன்னல் சிறிதாக உள்ள நம் குளியலறைகளில் அது நுரையீரலைத் தாக்க அதிக நேரம் ஆகாது.

முதியோர் உள்ள வீட்டில் சிறு விரிப்புகளே பெரிய எதிரி. சமையலறை வாசலிலும் கட்டிலோரத்திலும் போடும் விரிப்பு நகராதபடி அடியில் ரப்பர் வலை போட வேண்டும். சுருண்ட ஓரத்தில் கால் இடறும் என்றால் அதை எடுத்தே விடலாம். வீவக வீடுகளில் உள்ள மூத்தோர், 2012ல் தொடங்கிய ஈஸ் என்னும் திட்டத்தின்கீழ் அரசாங்க உதவித் தொகையோடு குளியலறை ஓடுகளுக்கு வழுக்காத பூச்சும், சுவரில் கைப்பிடிக் கம்பியும் பெறலாம். விண்ணப்பிக்கத் தயங்கும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் அதைச் செய்து கொடுக்கலாம்.

கம்பளத்தைச் சில மாதம் எடுத்து வைப்பதானால் மடிக்காமல் சுருட்டுங்கள். நன்கு உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை உள்ளேயுள்ள ஈரத்தை வெளியே விடாது. பூச்சி அரிக்காமலிருக்க நாப்தலின் உருண்டை போடும் வழக்கம் பலரிடம் உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அந்த நெடியே ஆபத்து. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இதற்கான சோதனை செய்யப்படுகிறது. குறைபாடு உண்டென்று சொல்லப்பட்டிருந்தால், கம்பளத்தோடு மட்டுமன்றி துணி அலமாரியிலும் அந்த உருண்டை இருக்கக்கூடாது; பாட்டி வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.